வார்டு வாசலில் ஒரு நாவல்

இமையம் எழுதிய ‘செல்லாத பணம்’ படித்திருக்கிறீர்களா? 2020-க்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். விருது கிடக்கட்டும்.

எஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டார் தடுத்தும் கேளாமல் ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள், தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வார்டில் கிடக்கிறாள். கதையின் பெரும்பகுதி அந்த வார்டு வாசலில்தான் நடக்கிறது. பெற்றவர்கள், கூடப்பிறந்தவன், உறவுக்காரர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள், ஏசுகிறார்கள், அழுகிறார்கள். கையில் பணம் இருக்கிறது, அதைக் கொண்டு எதையும் வாங்க முடியவில்லை. ரவியை வெறும் வில்லனாக்கி ஒதுக்கிவிடாமல், அவனையும் பேச விடுகிறார் இமையம். எனக்குப் பிடித்தது அதுதான்.

எடுத்தவுடன் இவ்வளவு கனம் வேண்டாமென்றால், ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் தொடங்குங்கள். 1994-இல் வந்த அவருடைய முதல் நாவல். ஊர்த்துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. அதுவும் லேசானதல்ல, சொல்லிவிட்டேன்!