சூளைப் பிள்ளைகளுக்கு முதல் பாடம்



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீடு, ரெண்டு மாடு, குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். என்னையும் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. மூணு வருஷமாக நம்ம ஊர் செங்கல் சூளைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவது உங்களுக்குத் தெரியும். அங்கே அறுப்பு முடிந்து வருவார்கள், மழைக்கு முன்னால் திரும்பிவிடுவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் மண்ணிலேயே நிற்கணும். ஆறு வயசுப் பிள்ளை இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை இருக்கும்.

நான் அங்கே பால் ஊற்றப் போவேன். ஒரு தடவை ஒரு பெண் குழந்தைக்குக் காதுவலி. அதன் அம்மா மருந்துக்கடைக்குப் போய் கன்னத்தைக் காட்டி இருக்கிறாள். பல்வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரெண்டு நாளில் காதில் சீழ் வடிந்துவிட்டது. ‘காது வலிக்குது’ என்று ரெண்டு வார்த்தை தெரிந்திருந்தால் அந்தக் குழந்தை அவ்வளவு துடித்திருக்காது.

அதனால்தான் நான் ‘அ, ஆ’வில் ஆரம்பிக்கவில்லை. முதல் பாடமே ‘வலிக்குது’. தலையைத் தொட்டுத் தலை வலிக்குது, வயிற்றைப் பிடித்து வயிறு வலிக்குது என்று நடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லும். அடுத்து தண்ணி, பசிக்குது, பயமா இருக்கு. அப்புறம் ‘வேண்டாம்’. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் ஒரு பெண் குழந்தை சத்தமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். எழுந்திரு, உட்கார், ஓடு, கல்லை எடு, பூவைக் கொடு என்று விளையாட்டாகவே சொல்லுவேன். ஒரு பையன் ஆறு வாரம் வாயே திறக்கவில்லை. ஆனால் சொன்னதை எல்லாம் செய்தான். நான் அவனை அதட்டவில்லை. நம்ம வீட்டுக் குழந்தையும் பேசுவதற்கு முன்னால் எத்தனை மாசம் கேட்டுக்கொண்டே இருக்குது! ஏழாவது வாரம் ஒருநாள், “டீச்சர், கன்னுக்குட்டி எங்க?” என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

நாங்கள் சோறு என்பதை அவர்கள் ‘பாத்’ என்கிறார்கள். வீடு ‘கர்’. பூவுக்கு ‘பூல்’, அம்மாவுக்கு ‘மா’. கேட்கக் கேட்க நமக்கும் புரியும். நம்மைப் போலவே ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்று வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். அதனால் வாக்கியம் சீக்கிரம் வந்துவிடுகிறது. ‘ழ’ மட்டும் வராது. வாழைப்பழம் ‘வாலப்பலம்’ ஆகிவிடும். நம்ம பிள்ளைகளுக்கே வராதபோது அவர்களை என்ன சொல்வது!

ஒரு தாய் மேஸ்திரியை வைத்துக் கேட்டாள், வீட்டிலும் தமிழே பேசட்டுமா என்று. வேண்டாம்மா, உன் பாஷையிலேயே கதை சொல்லு, தாலாட்டுப் பாடு என்றேன். ஊருக்குப் போனால் பாட்டியிடம் அந்தக் குழந்தை பேச வேண்டாமா? சின்ன வயசில் ரெண்டு பாஷைக்கும் இடம் இருக்கிறது. தமிழ் கொடுக்கிறேன் என்று அவர்கள் தாய்மொழியை நாம் பிடுங்கக் கூடாது.

இன்னொரு விஷயம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயசிலிருந்து 14 வயசு வரை எந்தப் பிள்ளைக்கும் இலவசப் படிப்பு உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. வயசுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்கணும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது. போன வருஷம் எங்க குழுவிலிருந்து நாலு பேர் கூடவே போய் ஐந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம். கொஞ்சம் தமிழ் தெரிந்து போனதால் முதல் நாளே அழாமல் உட்கார்ந்தார்கள்.

அக்கா தங்கச்சிகளே, இதற்கு டிகிரி வேண்டாம், கரும்பலகை வேண்டாம். பிள்ளை வளர்த்த நம்ம எல்லோருக்கும் பேச்சு சொல்லிக் கொடுக்கத் தெரியும். சூளை இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு உறுப்பினர், சாயங்காலம் ஒரு மணி நேரம். இதை இந்த வருஷத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும் என்று கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.