துக்கத்திற்கும் மருத்துவச் சான்றிதழா?

இறந்தவரின் நல்லுடலுக்கு அவமரியாதை நேர்ந்தால், உறவினர்கள் மன வேதனைக்காக இழப்பீடு கேட்க முடியுமா? இதுதான் இன்றைய கேள்வி. 2019 டிசம்பரில் மண்டாயில் ஒரு முதியவரின் நல்லுடல் ஆள் மாறி எரியூட்டப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லாருமே, நம் வீட்டில் இப்படி நடந்தால் என்று ஒரு கணம் பதறியிருப்போம்.

நம் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்தது. அதன்படி சடலம் யாருக்கும் சொத்தல்ல. கார் களவு போனால் நஷ்டஈடு கேட்கலாம். அப்பாவின் உடலுக்கு அப்படிக் கேட்க முடியாது. மிஞ்சுவது மன வேதனை ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

இங்கிலாந்தின் லிவர்பூலில் ஆல்டர் ஹே சிறுவர் மருத்துவமனை. 1988க்கும் 1995க்கும் இடையில், பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1999இல் விஷயம் வெளியே வந்தது. சுமார் 850 குழந்தைகளின் உடற்பாகங்கள், 2,000க்கும் மேற்பட்ட கலன்களில் இருந்தன. முதலில் இதயத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மூளையை. ஒரே பிள்ளைக்கு இரண்டு, மூன்று முறை இறுதிச்சடங்கு செய்த பெற்றோர் உண்டு. ஆறிக்கொண்டிருந்த புண்ணை மறுபடியும் மறுபடியும் கீறியது போலத்தானே! 2003இல் சமரசம் ஏற்பட்டு, ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 5,000 பவுண்டு வழங்கப்பட்டது.

வேறு மருத்துவமனைகள்மீது தொடுக்கப்பட்ட இதே போன்ற வழக்குகளுக்கு 2004இல் தீர்ப்பு வந்தது. முன்மாதிரியாக மூன்று குடும்பங்களின் வழக்கை விசாரித்தார்கள். ஒரே ஒரு தாய்தான் வென்றார். கிடைத்தது 2,750 பவுண்டு. காரணம், வெறும் துக்கம் போதாது, மருத்துவர்கள் ஏற்கும் மனநோய் ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். வேலைக்குப் போகாததற்கு எம்.சி. கேட்பார்கள், சரி. அழுததற்குமா?

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும், மனப் பாதிப்புக்கு இழப்பீடு கோருபவர் அத்தகைய நோயை நிரூபிக்க வேண்டும் என்று 2008இல் ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது.

நீதிபதிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கண்ணீருக்கெல்லாம் காசு என்றால் எங்கே கோடு கிழிப்பது என்ற அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளையை இரண்டாம் முறை புதைத்த தாயின் வேதனையைச் சாதாரணத் துக்கத்தோடு சேர்த்து எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெற்றோர் பணம் மட்டும் கேட்கவில்லை. மன்னிப்பும் ஒரு நினைவுச் சின்னமும் கேட்டார்கள். அவர்களின் போராட்டத்தால்தான் 2004இல் பிரிட்டன் புதுச் சட்டம் இயற்றி, குடும்பத்தின் சம்மதமின்றி உறுப்புகளை வைத்துக்கொள்வதைக் குற்றமாக்கியது.