நோயாளியைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்



கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பம் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், நாங்கள் ஓட்டப்போவது மெஷின். எங்களுக்கு எதற்குச் சர்க்கரை நோய், காசநோய், ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு எல்லாம்?" கேட்பதில் தவறே இல்லை. தேர்வுக்காக நோய்களின் பெயரையும் அறிகுறிகளையும் உருப்போடும்போது யாருக்கும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். வகுப்பில் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதை, இன்று பட்டம் பெறும் உங்களிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் சிகிச்சை அறைக்குள் கட்டி மட்டும் தனியாக வருவதில்லை. சர்க்கரை இருக்கிற, ரத்தம் குறைந்த, இரண்டு நாளாகச் சோறு இறங்காத, ஊரில் நடவு வேலை நின்றுபோயிற்றே என்று மனம் கலங்கிய ஒரு மனிதர் வருகிறார். கட்டி அவருக்குள் இருக்கிறது. கதிர் அந்தக் கட்டியை எவ்வளவு தூரம் அழிக்கும், அவருடைய நல்ல திசு எவ்வளவு தாங்கும் என்பதை அவர் உடம்பின் மற்ற நிலைமைகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்ததாக மதிப்பீடு. புற்றுநோயாளிகளில் பாதிப்பேருக்காவது ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்ச் சிகிச்சை தேவைப்படும். அவ்வளவு பேரும் உங்களைப் போன்றவர்களின் கைக்குத்தான் வந்து சேர்வார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: தொண்டைப் புற்றுநோய்க்கு 70 கிரே (கதிர் அளவின் அலகு) என்று மருத்துவர் எழுதுகிறார். அதை ஒரே நாளில் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. நாளுக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், 35 தடவை கொடுக்கிறோம். ஏன் என்று நோயாளியும் கேட்பார், அவரோடு வரும் மகனும் கேட்பார். "தினமும் அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் கூட்டிக்கிட்டு வரோம், மொத்தமா வச்சு விட்டுட முடியாதா?" என்பார்கள். பதில் 1920-களில் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் நடந்த ஆராய்ச்சியில் இருக்கிறது. குளோடியஸ் ரெகோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஆட்டுக்கிடாக்களின் விரைகளுக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். ஓயாமல் பிரிந்து பெருகும் அந்தச் செல்களைப் புற்றுநோய்ச் செல்களின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே தடவையில் கதிர் முழுவதையும் கொடுத்தபோது, மேல்தோல் வெந்து புண்ணாகாமல் கிடாவை மலடாக்க முடியவில்லை. பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது தோல் தப்பியது, கிடா மலடாயிற்று. இரண்டு தவணைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் நல்ல திசு தன் டி.என்.ஏ. முறிவுகளைச் செப்பனிட்டுக்கொள்கிறது. வேகமாகப் பெருகும் செல்லால் அந்த அளவுக்கு முடிவதில்லை. ரெகோவுடன் பணியாற்றிய ஆன்ரி கூத்தார், இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் வாரக்கணக்கில் கையாண்டு குணப்படுத்திக் காட்டினார். இன்று நாம் கொடுக்கும் 35 நாள் கணக்கு அந்த வழியில் வந்தது.

அப்படியானால் இடையில் நாள் விட்டுப்போனால் என்ன ஆகும்? நல்ல திசுவுக்குக் கிடைத்த அவகாசம் கட்டிக்கும் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கி மூன்று, நான்கு வாரம் ஆன பிறகு, பிழைத்துக் கிடக்கும் புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் வெளிக்கதிரும் உட்கதிரும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஒரு சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வருகிற அம்மாவுக்கு இது தெரியாது. எரிச்சல் தாங்காமல் "ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கிட்டு வரேன்" என்கிறவருக்கும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள். காலை பதினொரு மணி ஆகியும் ஒருவர் வரவில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டுப் போகாதீர்கள். போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பஸ் காசு இல்லை என்பார், கூலி போய்விடும் என்பார், வயிற்றுப்போக்கு என்பார். ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனையில் ஒரு வழி கண்டுபிடிக்க முடியும், யாராவது சொன்னால்.

ரத்தசோகைக்கு வருகிறேன். ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயரைத்தான் நீங்கள் தினமும் அலகாக எழுதுகிறீர்கள். 1950-களில் அவரும் அவருடைய குழுவினரும் நிலைநாட்டிய உண்மை இது: ஆக்சிஜன் கிடைக்காத செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் நிறைந்த செல்லுக்குத் தேவையானதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் வேண்டும். கட்டிக்குள் ரத்தக்குழாயை விட்டுத் தள்ளியிருக்கும் செல்கள் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருக்கின்றன. நோயாளியின் ரத்தத்திலும் ஹீமோகுளோபின் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ரத்தம் குறைந்த பெண்களிடம் நோய் திரும்பத் தலைதூக்குவது அதிகம் என்பது பல காலமாகக் கவனிக்கப்பட்டு வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதன் மேல் உதிரப்போக்கும் சேர்ந்த உடம்போடுதான் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த ஓர் அம்மா நம் மேஜையில் படுக்கிறார். முதல் ஆண்டில் நீங்கள் சலிப்போடு படித்த அந்தப் பாடம் இங்கே வந்து நிற்கிறது. இந்த வாரம் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று சிகிச்சைச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள். இமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெளுத்திருப்பது தெரியும். அதைப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவை. மருத்துவ இயற்பியலாளர் திட்டத்தைப் பார்க்கிறார், நோயாளியைப் பார்ப்பது அரிது. தினமும் பார்ப்பவர், தொட்டுப் படுக்க வைப்பவர், பேர் சொல்லிக் கூப்பிடுபவர் நீங்கள் ஒருவர்தான். இந்த வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். நேற்றுவரை தானாகப் படியேறி வந்த பெரியவர் இன்று பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து வருகிறார் என்று வையுங்கள். முதுகெலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே கவனித்தால் அவர் தொடர்ந்து நடப்பார். இரண்டு நாள் தள்ளினால் படுக்கையோடு போய்விடலாம். "வயசாச்சு, அசதி" என்று நீங்கள் விட்டுவிடக் கூடாது. தொண்டைக்குச் சிகிச்சை எடுப்பவரின் மாஸ்க் நான்காம் வாரத்தில் கன்னத்தில் தொளதொளவென்று இருந்தால் அவர் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டார் என்று பொருள். மாஸ்க் தளர்ந்தால் தலை அசையும். தலை அசைந்தால் கதிர் குறித்த இடத்தில் விழாது. வாயில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படர்ந்திருந்தால் பூஞ்சைத் தொற்று, சர்க்கரை உள்ளவருக்கு எளிதில் வரும். மார்பில் பேஸ்மேக்கர் தழும்பு இருந்து, சீட்டில் அது எழுதப்படாமல் இருந்தால், அன்றைய சிகிச்சையை நிறுத்திவிட்டு இயற்பியலாளரைக் கூப்பிடுங்கள். இவை எதையும் மெஷின் திரையில் காட்டாது.

உங்களில் பலருக்குப் புத்தம்புதிய லீனியர் ஆக்சிலரேட்டர் இருக்கும் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைக்கலாம். சிலருக்கு மாவட்டத் தலைநகரில் கோபால்ட் மெஷின் கிடைக்கும். அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைப் பல ஆண்டுகள் சுமந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். 1955-இல் அங்கே வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. 1957-இல் அங்கே கோபால்ட்-60 கருவி வந்தபோது, ஆசியக் கண்டத்தில் அந்தச் சிகிச்சை தொடங்கிய முதல் இடங்களில் அதுவும் ஒன்று. கோபால்ட்டின் வீரியம் ஐந்தே கால் ஆண்டில் பாதியாகிவிடும். ஆகவே மூலம் பழசாகப் பழசாக நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரம் நீளும். அந்த நேரம் முழுக்க அவர்மேல் கண் வைத்திருக்கத் தெரிந்தவர் கையில் கோபால்ட்டும் உயிர் காக்கும்.

நம் நோயாளிகள் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். ஷாக் அடிக்குமோ, உடம்பு கருகுமோ என்ற பயத்தோடு முதல் நாள் வருவார்கள். அதைவிடக் கொடுமை வீட்டில் நடப்பது. தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடுவதில்லை. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம், கதிர் அவர் உடம்பிலிருந்து கிளம்பி வரும் என்று இன்னொரு பயம். வெளியிலிருந்து கதிர் எடுத்துக்கொண்டவர் உடம்பில் கதிர்வீச்சு தங்குவதில்லை. மெஷின் நின்றதும் எல்லாம் நின்றுவிடும். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். இதை மருத்துவர் ஒருமுறை சொல்லியிருப்பார், பதற்றத்தில் காதில் விழுந்திருக்காது. நீங்கள் மேஜையிலிருந்து இறக்கிவிடும்போது, கூட வந்தவரையும் அழைத்து வைத்துச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு தாத்தாவுக்கு அவருடைய பேத்தி திரும்பக் கிடைப்பாள்.

கடைசியாக ஒன்று. 1986 மார்ச் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் நடந்தது. தெராக்-25 என்ற கணினி இயக்கும் மெஷின். அனுபவமுள்ள தொழில்நுட்பர், எலக்ட்ரான் சிகிச்சைக்கு 'ஈ' என்று தட்ட வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' என்று தட்டிவிட்டு, உடனே கவனித்து வேகமாகத் திருத்தினார். அந்த வேகத்துக்கு மென்பொருளால் ஈடுகொடுக்க முடியவில்லை. திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று வந்தது. குறைந்த கதிர்தான் போயிருக்கிறது என்று திரை காட்டியது. அந்த மெஷின் இப்படி அடிக்கடி ஏதாவது பிழை காட்டுவது வழக்கம் என்பதால் அவர் தொடரும் பட்டனை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவருக்கு முதல் தடவையே, கொடுக்க வேண்டியதைப் போல நூறு மடங்கு அளவில் கதிர் பாய்ந்திருந்தது. அவர் எழ முயலும்போது இரண்டாவதும் பாய்ந்தது. கதவைத் தட்டினார். அன்றைக்கு அறையின் கேமரா இணைக்கப்படவில்லை, பேச்சுக்கருவியும் வேலை செய்யவில்லை. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். மெஷினைச் சோதித்தவர்கள் குறை எதுவும் இல்லை என்றார்கள். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், அதே பிழை, இன்னொரு உயிர்.

அதன் பிறகு அந்தத் தொழில்நுட்பர், தான் எந்த வரிசையில், எந்த வேகத்தில் தட்டினார் என்பதை நினைவிலிருந்து மீட்டெடுத்தார். மருத்துவமனை இயற்பியலாளரோடு உட்கார்ந்து அதே பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டினார். உற்பத்தியாளர்கள் கண்டுபிடிக்காததை அவர்கள் இருவரும் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்கக் கதிர்ச் சிகிச்சைக் கருவிகளின் மென்பொருள் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

எனவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. வேலையில் சேரும் முதல் நாளே, கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்ததும் கேமரா தெரிகிறதா, மைக் கேட்கிறதா என்று பாருங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கலாம், தலைமை மருத்துவரே வந்து அவசரப்படுத்தலாம். பழகிய பிழைச் செய்தி என்று எதையும் தாண்டிப் போகாதீர்கள். உள்ளே இருப்பவர் "ஏதோ வித்தியாசமா இருக்கு" என்று சொன்னால், திரை என்ன சொன்னாலும் முதலில் அவர் சொல்வதை நம்புங்கள்.