ஆசிரியர்கள் சேர்ந்து படிக்கட்டும்

எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில் தகுதித் தேர்வு தேறாமல் பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது வருடம் கரும்பலகை முன் நின்றவர்கள் மறுபடியும் வழிகாட்டி நூலைத் தேடுகிறார்கள். அந்தக் கவலை திருவண்ணாமலை மாவட்டத்து ஆசிரியர் வீடுகளிலும் புகுந்திருக்கிறது. வெவ்வேறு பாடம் நடத்தும் ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதே இதற்குச் சரியான வழி என்பேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வினாத்தாளே அதைத்தான் கேட்கிறது.

பட்டதாரி ஆசிரியர் எழுதும் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60தான் கணிதம், அறிவியல் அல்லது சமூக அறிவியல். பொதுப் பிரிவில் தேற 90 மதிப்பெண் வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியர் அறுபதுக்கு அறுபது வாங்கினாலும் இன்னும் 30 குறைகிறது. அந்த முப்பது, பக்கத்து வகுப்பறையில் தமிழும் ஆங்கிலமும் நடத்துபவரிடம் இருக்கிறது. உளவியலும் அப்படித்தான். குட்டையான டம்ளரில் இருக்கும் தண்ணீரை ஒல்லியான உயர்ந்த டம்ளருக்கு மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்று சின்னக் குழந்தை சொல்லும். உளவியலாளர் பியாஜே ஆராய்ந்த இந்தச் சிந்தனையை ஒன்றாம் வகுப்பு டீச்சர் தினமும் எதிரே பார்க்கிறார். அவர் வாயால் கேட்டால், பாடம் மறக்காது.

தோற்றுப்போனால் சக ஆசிரியர்கள் முன் தலைகுனிவுதானே என்று தயங்குவோர் உண்டு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. அன்று கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தபோது சுமார் 19,000 பேர் தேறினார்கள். தோல்வி என்பது அறிவின் அளவு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நன்றாகப் படிப்பவரின் நேரம் வீணாகாதா என்றும் கேட்கலாம். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே எது புரியவில்லை என்று தெரிகிறது. ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கனமான ஆட்சேபம் வேறு. பள்ளி முடிந்து வீட்டு வேலையும் பார்க்கும் ஆசிரியைக்கு நேரம் எங்கே? ஜவ்வாது மலையின் ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர் யாரோடு சேர்வது? இதை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. பயிற்சி தருவது அரசின் கடமை. கீழ்ப்பென்னாத்தூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் எப்படியும் வருகிறார்கள். அந்த நாளின் கடைசி ஒரு மணி நேரத்தை, சுற்றறிக்கையும் படிவமும் இல்லாமல், சேர்ந்து படிக்க அவர்களிடமே விட்டுவிடலாம். மலையிலிருந்து இறங்கி வருபவருக்கும் அன்றைக்கு நாலு பேர் துணை கிடைப்பார்கள்.