பறவைக்கு அளிக்கும் அபயம்

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நீரை வடிகட்டிப் பருகுவதும் கதிரவன் மறையுமுன் உண்பதும் நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த ஒழுக்கங்கள். ஆயினும், மின்விசிறியில் அடிபட்ட சிட்டுக்குருவியோ மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட புறாவோ நம் முற்றத்தில் விழும்போது என்ன செய்வதென்று அறியாது திகைக்கின்றோம். இரக்கத்தில் நமக்குக் குறைவில்லை. அறிவு துணைநில்லாத இரக்கம் அவ்வுயிரின் முடிவை விரைவுபடுத்திவிடுவதும் உண்டு.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். அடிபட்ட பறவைக்கு நாம் முதலில் கொடுக்க முற்படுவது ஆகாரம். அதற்கு முதலில் வேண்டுவது அபயம். காட்டுப்பறவைக்கு மனிதக் கை வேட்டை விலங்கின் நகத்திற்கு ஒப்பானது. பறவைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லை; மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு இயங்கும். ஆதலால் மார்பை இறுகப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். மெல்லிய துணியால் போர்த்தி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வையுங்கள். பெட்டி இருளாகவும் அமைதியாகவும் கதகதப்பாகவும் இருத்தல் வேண்டும். அடிக்கடி திறந்து பார்ப்பதும், குழந்தைகள் சூழ்ந்து நிற்பதும், படம் எடுப்பதும் ஆகா. கண்ணாடிச் சன்னலில் மோதி மயங்கிய பறவை பல வேளைகளில் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து தானே பறந்துவிடும்.

அலகைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். பாலைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. சிட்டும் புறாவும் மைனாவும் இரவில் உண்பதில்லை; இரவுண்ணாமை அவற்றிற்கு இயல்பு. எனவே மாலையில் கிடைத்த பறவையை விடியும்வரை அமைதியாக விட்டுவைப்பதே நன்று.

அடுத்தது ஔஷதம். பூனை கவ்விய காயம் ஊசிமுனை அளவே இருப்பினும் அதில் நஞ்சேறும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் உண்ணும் வலி மாத்திரையைக் கொடுக்க வேண்டா. தில்லி செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் ஆலயமான லால் மந்திரின் வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனை 1929 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்கே குணமடைந்த பறவையைக் கொண்டுவந்தவரிடம் திருப்பித் தருவதில்லை, வானில் விட்டுவிடுகின்றனர்.

சாத்திரதானம் என்பது இங்கே அறிவைப் பகிர்தல். இறகு முளைத்து, வால் குறுகி, தரையில் தத்தித் திரியும் குஞ்சு பெரும்பாலும் அநாதை அன்று; பறக்கப் பழகுகிறது. தாயும் தந்தையும் அருகிலிருந்து ஊட்டும். பூனையும் நாயும் அணுகாது காத்து, அதனை அங்கேயே விட்டுவிடுங்கள். இறகு முளைக்காத குஞ்சாயின் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது பிழையான நம்பிக்கை.

இனி, நம் உள்ளத்தைச் சோதிக்கும் ஓர் இடம். வந்து விழுந்தது ஆந்தையோ வல்லூறோ ஆயின் என் செய்வது? அவற்றின் உணவு ஊன். பாலும் சோறும் பழமும் கொடுத்துப் பல நாள் வைத்திருப்பது அவற்றைப் பட்டினியிடுவதேயாகும். அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நம் உணவை ஆந்தைக்குத் திணிப்பது இறுதியில் சொன்ன குற்றத்தில் சென்று முடியும். அதனால் நம் விரதத்தைக் கைவிட வேண்டுவதில்லை. பறவையை நம்மிடமே வைத்திருக்கும் ஆசையைத்தான் கைவிட வேண்டும். முதலுதவி செய்து, தாமதமின்றி வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள்.

ஐந்தனுள் முதலாவதாகிய 'கட்டுதல்' நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. குணமான பறவையிடம் அன்பு பெருகி, பெயரிட்டு, கூண்டு வாங்கி வைப்போர் உளர். பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் காட்டுப்பறவைகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் நமக்கு அது அதிசாரம். "என் பறவை" என்னும் எண்ணம் எழும்போதே பரிக்கிரகம் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, இரு சிறகும் ஒத்து விரிந்து, அறைக்குள் தடுமாறாமல் பறந்தெழும் வலிமை வந்தபின், தெளிவான ஒரு காலைப்பொழுதில், அது கிடைத்த இடத்திற்கே கொண்டுசென்று விடுங்கள். அதன் இணையும் இரையிடமும் அங்கேதான் உள்ளன. சிறகு கூடாது நின்றுவிட்டால் வனத்துறையினரிடம் சேர்த்துவிடுங்கள். விடுதலை பெற்ற பறவை திரும்பிப் பாராது, நன்றி உரைக்காது. கைம்மாறு கருதாத தானத்திற்கு இதனினும் தூய பயிற்சி நம் இல்லறத்தில் அரிது.

ஓர் அட்டைப்பெட்டியும் துணியும், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை, வனத்துறை அலுவலகம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களும் ஒவ்வோர் இல்லத்திலும் இன்றே ஆயத்தமாகட்டும்.

ஜினதர்மம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புறுக!