ஆர் பொறுப்பு?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஏ.எல். எடுத்ததோடு என்னுடைய படிப்பு நின்றுவிட்டது. இங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி நிற்கிற ஆள். செயலாளர் அண்ணை "பிரயோசனமாய் ஒரு பத்து நிமிசம் கதையடாப்பா" என்று கேட்டபடியால் வந்து நிற்கிறேன். சொற்குற்றம் பொருட்குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வருசம் பிறந்தால் பஞ்சாங்கத்தை விரித்து, இந்த வருசம் மழை எத்தனை மரக்கால் என்று பார்ப்பது எங்கட வழக்கம். நான் கதைக்க வந்ததும் மழையைப் பற்றித்தான். 2021 ஆம் ஆண்டு யூலை 14 ஆம் திகதி, நாங்கள் வாழுகிற இந்த ஜேர்மனியில், ஆர் பள்ளத்தாக்கில் பெய்த மழை.

"ஆர்" என்பது அந்த ஆற்றின் பெயர். ஐஃபல் மலையில் தொடங்கி, சின்சிக் என்ற ஊருக்குப் பக்கத்தில் றைன் நதியோடு சேருகிற சின்ன ஆறு. எங்கட பேச்சிலே "ஆர்" என்றால் ஒரு கேள்வி. வெள்ளத்துக்குப் பிறகு இந்த நாடு முழுக்கக் கேட்டதும் அந்தக் கேள்விதான். ஆர் பிழை விட்டது? ஆர் பதவியை விட்டுப் போகவேணும்? எனக்கு அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. வெள்ளம் வர முதல் ஆர் பொறுப்பாய் இருந்தது?

முதலில் நடந்ததைச் சொல்லுகிறேன். அன்றைக்கு அந்த மலைப்பக்கத்தில் பல இடங்களில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நிலம் ஏற்கனவே ஊறிப்போய் இருந்தது. பள்ளத்தாக்கு ஒடுக்கம், தண்ணீர் பரவ இடமில்லை. அடித்து வந்த மரங்களும் வாகனங்களும் பாலங்களை அடைத்தன. தண்ணீர் அங்கே தேங்கி ஏறி, பிறகு பாலத்தையும் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அல்ட்டனார் என்ற ஊரில் ஆற்றின் மட்டத்தை அளக்கிற கருவி அதுவரை கண்ட ஆகக்கூடிய அளவு 2016 இல் 3.71 மீற்றர். அன்றிரவு 5.75 மீற்றர் காட்டியதோடு அந்தக் கருவியே இல்லாமல் போனது. தண்ணீர் அதற்குப் பிறகும் ஏறியது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் செத்தார்கள். நாடு முழுவதும் 180 பேருக்கு மேல்.

எங்களில் சிலர் அந்தக் கோடையில் சனிக்கிழமைகளில் அங்கே சேறு வாரப் போனோம். நிலவறையில் இருந்து வாளி வாளியாய்ச் சேறு ஏற்றும்போது ஒரு வயோதிப அம்மா எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தா. "தண்ணி வந்தது கவலைதான். ஆனால் ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே" என்றுதான் அவ திரும்பத் திரும்பச் சொன்னா.

அந்த அம்மா சொன்னதில் முழு விசயமும் இருக்கிறது. ஏனென்றால் செய்தி இருந்தது. ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு சில நாட்களுக்கு முதலே இந்த நாட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தல் அனுப்பியிருந்தது. 14 ஆம் திகதி பின்னேரமே ஆறு 5 மீற்றரைத் தாண்டும் என்று மாநில அலுவலகம் கணித்தது. மாலையில் அந்தக் கணிப்பைக் குறைத்து, இரவு திரும்பவும் கூட்டியது. ஆனால் ஆற்றங்கரைச் சனத்தை எழும்பிப் போகச் சொல்லி மாவட்ட நிர்வாகம் அறிவித்தது இரவு 11 மணி தாண்டித்தான். அந்த நேரம் மேல் ஊர்களில் சனம் கூரையில் நின்றது.

சின்சிக் கடைசி ஊர். வெள்ளம் அங்கே வந்து சேர நடுச்சாமம் தாண்டியது. மேலே ஊர்கள் மூழ்கி மணித்தியாலக் கணக்காகியும் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்தின் அளவு சரியாய்ப் போய்ச் சேரவில்லை. ஆற்றின் இரு கரையிலும் 50 மீற்றருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்றுதான் அறிவிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லம் ஒன்று அதைவிடத் தூரத்தில் இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் நித்திரையில் இருந்த 12 பேர் தண்ணீருக்குள் செத்துப்போனார்கள்.

எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. 2004 மார்கழி 26 காலையில் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் அதிர்ந்து, அலை எங்கட கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. உலகத்தின் கருவிகளுக்கு நடுக்கம் தெரிந்தது. கடற்கரையில் நின்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இந்து சமுத்திரத்துக்கு ஒரு எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. "ஏழை நாடு, என்ன செய்யிறது" என்று எங்களை நாங்களே ஆற்றிக்கொண்டோம். 2021 இல் பார்த்தால் பணக்கார நாட்டிலும் செய்தி கடைசி வீட்டுக் கதவுக்குப் போகவில்லை.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஆளை ஆள் சுட்டினார்கள். வெள்ளம் நடந்து மூன்றாம் நாள், சனாதிபதி ஸ்டைன்மையர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் முதலமைச்சர் லாஷெட் சிரித்தது தொலைக்காட்சியில் வந்தது. அந்தச் செப்டெம்பர் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. 2022 ஏப்பிரலில் இரண்டு பெண் அமைச்சர்கள் பதவி விலகினார்கள். வெள்ளம் நடந்த காலத்தில் ஒருவர் மயோர்க்கா தீவுக்குப் போய் நின்றது பிரச்சினை. மற்றவர் வெள்ளத்துக்குப் பிறகு பிரான்சுக்கு நீண்ட விடுமுறையில் போனது பிரச்சினை. அந்த வருசம் ஒக்ரோபரில் மாநில உள்நாட்டு அமைச்சர் லெவென்ட்சும் விலகினார். அன்றிரவு பொலிஸ் ஹெலிகொப்டர் எடுத்த வீடியோ ஒரு வருசத்துக்குப் பிறகுதான் வெளியே வந்திருந்தது. மாவட்டத் தலைவர் மீது நடந்த விசாரணையை 2024 ஏப்பிரலில் அரச வழக்குத் தொடுநர்கள் வழக்கில்லாமல் மூடினார்கள். வேறு மாதிரி நடந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும் என்று சட்டத்துக்குத் தேவையான அளவில் நிரூபிக்க முடியாது என்றார்கள். சொந்தங்களை இழந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிரித்தவர் மீதும் விடுமுறை போனவர்கள் மீதும் சனத்துக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் அந்தச் சிரிப்பு ஒருத்தரையும் மூழ்கடிக்கவில்லை. அந்த விடுமுறை எந்தப் பாலத்தையும் உடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பிழைக்குத் தண்டனை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத பிழை முப்பது வருசம், நூறு வருசம் என்று பின்னுக்குப் போகிறது.

ஆர் ஆறு இப்படிப் பெருகியது முதல்தரம் இல்லை. 1804 இல் 63 பேரைக் கொண்டுபோனது. 1910 இல் 52 பேர். அந்த 52 பேரில் பலர் ரயில் பாதை போடுகிற வேலைக்கு வந்து ஆற்றோரக் கொட்டில்களில் தங்கியிருந்த தொழிலாளர்கள். பிழைக்க வந்த இடத்தில் பள்ளமான நிலம்தான் கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த விசயம்தானே. அதற்குப் பிறகு மேல் ஆற்றில் தண்ணீரை மறித்துவைக்கிற தேக்கங்கள் கட்டத் திட்டம் போட்டார்கள். திட்டம் கடதாசியோடு நின்றது. அதே மலையில் 1925 தொடக்கம் 1927 வரை நூர்பேர்க்ரிங் என்ற கார்ப் பந்தயப் பாதை கட்டி முடிந்தது. ஆற்றை ஒழுங்காக அளக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆனபடியால் கணக்குப் பார்த்தவர்களின் அட்டவணையில் 1804 உம் இல்லை, 1910 உம் இல்லை.

சைரனை எடுங்கோ. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜேர்மனியில் சுமார் 80,000 சைரன்கள் இருந்தன. போர்ப்பயம் போனதும், 1990களின் தொடக்கத்தில் மத்திய அரசு "இனி எனக்குத் தேவையில்லை" என்று கைவிட்டது. விரும்பிய ஊர்ச்சபை பொறுப்பெடுத்தது, மற்ற இடங்களில் கழற்றிப் போட்டார்கள். 2020 செப்டெம்பரில் நாடு முழுக்க ஒரு ஒத்திகை வைத்தார்கள். பல இடங்களில் சைரன் ஊதவில்லை, கைத்தொலைபேசிச் செய்தி ஏறத்தாழ அரை மணித்தியாலம் பிந்தி வந்தது. நாடு சிரித்தது, திணைக்களத் தலைவரை மாற்றினார்கள். பத்து மாதத்தில் வெள்ளம் வந்தது. அப்பகுதியில் உள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகிற முறையைப் பக்கத்து நெதர்லாந்து 2012 இலேயே தொடங்கிவிட்டது. இங்கே அது வேலைக்கு வந்தது 2023 பெப்ரவரியில். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இதில் எந்தக் கட்சியைக் குற்றம் சொல்லுறது? மத்தியில் சைரனைக் கைவிட்டபோது ஆண்டது ஒரு கட்சி. அந்த மாநிலத்தை 1991 இலிருந்து வெள்ளம் வரும்வரை தலைமை தாங்கி ஆண்டது இன்னொரு கட்சி. விடுமுறை போன அமைச்சர்களும் ஒரே கட்சியில்லை. மத்தியைக் கேட்டால் "போர்க்காலப் பாதுகாப்புத்தான் எங்கட வேலை" என்பார்கள். மாநிலத்தைக் கேட்டால் மாவட்டம். மாவட்டத்தைக் கேட்டால் "எங்களுக்குச் சரியான தகவல் வரேல்லை" என்பார்கள். பழி என்று வந்தால் பங்குபோட ஆளிருக்கிறது. பொறுப்பு என்று வந்தால் ஆளில்லை.

எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை. என்னுடைய மெசினில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, நொட்-அவுஸ் என்று சொல்லுவினம். வருசத்தில் ஒரு நாள்கூட அது தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் அதை அமத்திப் பார்க்கவேணும். பார்த்தவர் கடதாசியில் திகதி போட்டுத் தன்ரை பெயரை எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். கையெழுத்து இல்லாவிட்டால் மெசின் ஓடாது. விபத்து நடந்த பிறகு ஆரைத் தண்டிக்கிறது என்பதற்காக அந்தப் பெயர் இல்லை. விபத்து வராமல் ஒரு மனிசன் ஒருக்கால் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு மெசினுக்கு இருக்கிற இந்த ஒழுங்கு ஒரு ஆற்றுக்கும் ஒரு ஊருக்கும் ஏன் இருக்கக்கூடாது? வெள்ளத்துக்குப் பிறகு திருத்தி எடுக்க 30 பில்லியன் யூரோ நிதி ஒதுக்கினார்கள். சைரனுக்கும் தேக்கத்துக்கும் நேரத்தோடு செலவழித்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கோ.

இனி எங்கட வீட்டுக்கு வருவோம். இந்த மண்டபத்தில் இருக்கிற அம்மா அப்பாமாரில் எத்தனை பேருக்கு ஜேர்மன் மொழியில் வருகிற எச்சரிக்கையை வாசித்து விளங்கும்? அரசாங்கத்தின் நீனா என்ற எச்சரிக்கைச் செயலியில் பல மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. பிள்ளையள் வேறு நகரத்தில் படிக்கினம், மகன் இரவு ஷிப்ட், மருமகளும் வேலை. வீட்டிலே கீழ்த்தளத்தில் தனிய ஒரு அம்மம்மா. சின்சிக்கில் நடந்ததை இந்த வீட்டோடு பொருத்திப் பாருங்கோ. அதனால்தான் இதைப் புத்தாண்டு நாளில் கதைக்கிறேன்.

மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, எங்கட சங்கம் தனிய இருக்கிற முதியவர்களின் பட்டியல் ஒன்று எடுக்கவேணும். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உள்ள ஒரு ஆளின் பெயர் அதில் இருக்கவேணும். எச்சரிக்கை வந்தால் அந்த ஆள் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு, உங்கட வீடு வெள்ள வரைபடத்தில் எங்கே நிற்கிறது, சைரன் எங்கே இருக்கிறது, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளையளைக் கொண்டு பார்த்து வையுங்கோ. மூன்று, பல நகரசபைகளில் குடியிருப்பவர்கள் எழும்பிக் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவினம். அதற்கு ஜேர்மன் பாஸ்போட் தேவையில்லை, அந்த ஊரில் இருந்தால் போதும். போய்க் கேளுங்கோ: "எங்கட பகுதிச் சைரனைக் கடைசியாய்ச் சோதித்தது எப்போ? சோதித்தது ஆர்?" ஒரு பெயரும் ஒரு திகதியும் சொல்லும்வரை இருக்காதேங்கோ. நாங்கள் அகதிகள்தானே, இவங்களின்ரை விசயத்தில் ஏன் தலையிடுவான் என்று சிலர் சொல்லலாம். வரி கட்டுகிறோம், வாடகை கட்டுகிறோம். தண்ணீர் விசா பார்த்து வருவதில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலுக்கு முதல் பெயரை எழுத நான் பேனையோடு வருவேன். எங்கட தெருவில் இருக்கிற இரண்டு வயோதிபர்களின் கதவு என் பொறுப்பு. மற்றக் கதவுகளுக்கு உங்கட பெயரைத் தாங்கோ.

பிறந்திருக்கிற வருசம் எல்லோருக்கும் சுகத்தையும் நிம்மதியையும் தரட்டும். பஞ்சாங்கம் சொல்லுகிற மழை அளவாய்ப் பெய்யட்டும்.