மலையில் மாசி மாதம்



போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வத்திராயிருப்பிலிருந்தோ நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தச் சரிவில் புல் ஆள் உயரத்துக்கு எழும்பும். மார்கழிப் பனியில் பச்சை வடிந்து, தையில் வைக்கோல் நிறத்துக்கு வந்து, மாசி பிறக்கும்போது கையில் பிடித்தால் நொறுங்கும். அதில் போதைப்புல் வகை நிறைய உண்டு. கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் வரும். அது எண்ணெயின் வாசம். எண்ணெய் ஊறிய காய்ந்த தாள், செங்குத்தான சரிவு, அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் மதியக் காற்று, இவை மூன்றும் மாசி, பங்குனி இரண்டு மாதமும் தயாராகக் காத்திருக்கின்றன. ஒரு பொறி விழுந்தால் போதும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் அப்படித்தான் நடந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் புல்வெளியில் தீ சூழ்ந்தது. சிலர் அங்கேயே இறந்தார்கள். ஓடும்போது பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. மீட்கப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில், வாரங்களில், மருத்துவமனைகளில் உயிரிழந்தார்கள். மொத்தம் 23 பேர்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் மலையேறிப் போனவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் சுற்றுவட்டாரத் தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடி மக்களும்தான். போர்வையில் தொட்டில் கட்டி, கம்பில் டோலி கட்டி, இருட்டில் அந்தச் சரிவில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எந்த ஓடையில் இறங்கினால் எங்கே வெளியே வரலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு மதியமே அந்தக் குழுவோடு நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நம்மால் தவிர்க்க முடியாது.

குரங்கணிப் பாதைகள் மலையேற்றத்துக்காகப் போட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலை, மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற இடம் வரை சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்த அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்குப் போய்ச் சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமைகூலிகள் நடந்த தடங்கள் மிஞ்சின. அவற்றில்தான் இன்றைக்கு நாம் முதுகுப்பையோடு நடக்கிறோம்.

தீ எப்படி ஓடுகிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். சமதரையில் சுடர் நேராக மேலே நிற்கும். சரிவில் அது மேல்பக்கத்துப் புல்லின் மீது சாய்ந்துகொள்ளும். பற்றுவதற்கு முன்பே அந்தப் புல்லைச் சூடாக்கி, மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மனிதனுக்கோ மேட்டில் ஏற ஏற வேகம் குறையும். அதனால் தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடுவது தோற்கிற பந்தயம். குறுகலான ஓடைப் பள்ளம் இன்னும் மோசம். பக்கத்துச் சுவர்கள் காற்றை ஒடுக்கி, புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுக்கும். பள்ளத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று பயத்தில் தோன்றும். தண்ணீர் இல்லாத பள்ளத்தில் அது தப்பு.

இதற்கு ஓர் உதாரணம், அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற ஒரு பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்ட் 5 அன்று தீயணைக்கப் போன 16 பேர், காய்ந்த புல் சரிவில் தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். குழுத் தலைவர் வாக் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். பெரிய தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, பிழைத்தார். கூட இருந்தவர்களையும் கூப்பிட்டார். அவர் என்ன செய்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. நாமும் தீ வைக்க வேண்டும் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். எரிந்து முடிந்த இடம் மறுபடி எரியாது என்பதுதான் செய்தி. மலையில் புகை தெரிந்தால் தேட வேண்டியது மொட்டைப் பாறை, ஓடும் தண்ணீர், அகலமான சாலை, ஏற்கெனவே கருகிப்போன தரை. உடம்பில் பருத்தித் துணி இருக்கட்டும். கடையில் மலையேற்றத்துக்கென்றே விற்கும் வழுவழுப்பான பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

குரங்கணிக்குப் பிறகு அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. எந்தப் பாதை எளிது, எது கடினம் என்று வகைப்படுத்தினார்கள், முன் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் என்றார்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம், அப்போது மலையேற்றம் கிடையாது. நம் கணக்கில் கிட்டத்தட்ட மாசியும் பங்குனியும். நல்ல விதிதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் கதவைச் சாத்தினால் ஆள் இறப்பது குறையும். காடு எரிவது குறையுமா? மூங்கில் உரசிக் காடு பற்றும் என்று சின்ன வயதில் கேட்டிருப்போம். ஆனால் நம் ஊர்க் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையால் வருவது. மாட்டுக்குத் துளிர்ப் புல் வேண்டும் என்று வைப்பது, பீடித்துண்டு, சமைத்துவிட்டு அணைக்காத அடுப்பு, தோட்ட எல்லையில் குப்பை எரிப்பது, சில நேரம் வஞ்சம். முன் அனுமதி வாங்கி வரிசையில் நடக்கிற மலையேற்றக்காரர் இந்தப் பட்டியலில் கடைசி ஆள்.

அதனால் நிலத்தைப் பற்றிப் பேசாமல் தீயைப் பற்றிப் பேச முடியாது. நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு இன்னும் மொத்தமாகக் காயாத நேரத்தில், தாழ்வான சின்னத் தீ வைப்பது வழக்கம். தரகு பெங்கி என்பார்கள், சருகுத்தீ. முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது, மரத்தைத் தொடாது. 1974-இல் அந்த மலை வனவிலங்கு சரணாலயமானது, அந்தப் பழக்கம் குற்றமானது. அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். அதை ஆய்வாளர்களும் இப்போது காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

உண்ணிச்செடியை வேலி ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தான பூ, குழந்தைகள் தேன் உறிஞ்சுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. காட்டுக்குள் அது தலைக்கு மேல் புதராகும். புல்லை வளரவிடாது. மான் மேய ஒன்றும் இருக்காது. தீ வந்தால் அந்தப் புதரே ஏணியாகி, தரையில் ஓடியிருக்க வேண்டிய நெருப்பை மரக்கிளைக்கு ஏற்றிவிடும்.

இதை அகற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். இயந்திரம் வைத்துப் புரட்டினால் மண் கிளறி, உள்ளே கிடந்த விதையெல்லாம் முளைக்கும். செடியின் ஆணிவேரை மண்ணுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே கடப்பாரை, மண்வெட்டியால் வெட்டி, புதரைத் தூக்கி வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அப்படியே காய்ந்துபோகும். அத்தோடு வேலை முடிவதில்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்திலெல்லாம் கன்று முளைக்கும். அடுத்த சில வருடங்களுக்கு மழை முடிந்ததும் போய்ப் பிடுங்க வேண்டும், நாட்டுப்புல் விதை தூவ வேண்டும். முதல் வருடம் புகைப்படத்தோடு செய்தி வரும். மூன்றாம் வருடம் கன்று பிடுங்கப் போகிறவருக்குக் கூலி வருகிறதா என்பதில்தான் காடு மீள்வதும் மீளாததும் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் களைச்செடிகளுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. முதுமலைப் பக்கம் பரவிய மஞ்சக்கொன்னை மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். நீலகிரியில் பணியர், பெட்டக்குறும்பர் உள்ளிட்ட பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடிக் குச்சிகளை வளைத்து அசல் அளவில் யானைகள் செய்தார்கள். அந்த யானைக் கூட்டம் கடல் கடந்து அமெரிக்கா வரை போய் ஊர் ஊராக நின்றது. களையாகக் கிடந்தது கூலியாகி, கலையாகிப் பயணம் போனது.

இன்னொன்று. மரம் நட்டால் காடு மீண்டுவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்குப் பக்கத்தில் இருந்த புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து, சீகை, யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். புல்வெளி போயிற்று, ஊற்று குறைந்தது. பைன் ஊசிச் சருகு மெத்தை மெத்தையாகச் சேர்ந்து கோடையில் எரிகிறது. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் எரிந்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டரில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. புல்லாக இருந்த இடத்தில் புல்லே இருக்கட்டும். அதைத் தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காப்பதுதான் வேலை. தையில், புல் மஞ்சளானவுடன், சில மீட்டர் அகலத்துக்குச் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பங்குனியில் பச்சைத் தழையை ஒடித்துத் தீயை அடிப்பவர்கள் படும் பாட்டில் பாதி, தையில் செய்யாமல் விட்ட வேலை.

2024 அக்டோபரில் அரசு மலையேற்றத்துக்கு 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, உள்ளூர் மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகள். குரங்கணியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கட்டணம் அதிகம் என்று தொடக்கத்திலேயே குரல் எழுந்தது, நியாயமான குரல். வருடம் முழுக்க வரி கட்டுகிற சாதாரண ஆள் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாத மலை, பெயரளவில்தான் பொதுச்சொத்து. ஆனால் வழிகாட்டியோடு நடப்பது என்ற ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன்.

ஒரு முரண்பாடும் கண்ணில் படுகிறது. மலையேற்றத்துக்குக் காடு மூடியிருக்கும் அதே மாதங்களில்தான் கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் நடந்து ஏழாவது மலைக்குப் போகிறார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தமிழர் தலைமுறை தலைமுறையாக மலை ஏறியது பெரும்பாலும் சாமியைப் பார்க்கத்தான். பிளாஸ்டிக்கை அடிவாரத்தில் சோதித்து வாங்கி வைக்கிறார்கள் அல்லவா, அதே கண்டிப்பு தீப்பெட்டிக்கும் பீடிக்கும் வேண்டும். கற்பூரம் ஏற்றக் குறிப்பிட்ட இடம் வேண்டும்.

இன்னொரு பக்கம், மலையேற்றப் பாதைகளின் வழிகாட்டி இளைஞர்களுக்குத் தீக்காலத்து அறுபது நாளும் வேலை இல்லாத நாட்கள். துணைக்கோள் படத்தில் தீ தெரிந்தால் இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து கைப்பேசிக்குத் தகவல் வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் துணைக்கோள் நாளில் சில தடவைதான் தலைக்கு மேல் வரும். மேட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் புகையையே பார்த்துவிடுவார். பாதை ஒவ்வொன்றுக்கும் அதன் வழிகாட்டிகளையே அந்த இரண்டு மாதம் தீக்காவலுக்கு எடுத்து, முழுக் கூலி கொடுக்கலாம். ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, பெயரும் ஊரும் கைப்பேசி எண்ணும் ஏற்கெனவே வனத்துறையின் கையில்தான் இருக்கின்றன.